சர்க்கரையை நிறுத்தியும் பையன் அடங்கவில்லை என்றால்

மூன்று வாரமாகச் சர்க்கரையே கொடுக்காமல் இருந்தும் உங்கள் 7 வயதுப் பையன் ஓரிடத்தில் உட்காரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தடையை இன்னும் இறுக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 1995ஆம் ஆண்டு அலசலிலேயே, சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. பல்லுக்காகக் குறைப்பது வேறு விஷயம்.

எனக்கு உறுத்துவது தூக்கம்தான். 11 மணிக்குப் படுத்து 6.30க்கு எழுகிறான் என்கிறீர்கள். இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும். தூக்கம் போதாத பிள்ளை பல நேரம் பெரியவர்களைப் போல் சோர்ந்து கிடக்காது, இன்னும் ஆட்டம் போடும். இரண்டு வாரம் 9 மணிக்கே விளக்கை அணைத்துப் பாருங்கள். எப்போது தூங்கினான், மறுநாள் மாலை எப்படி இருந்தான் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். குறட்டை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், இரும்புச்சத்துக் குறைவால்தான் இப்படியோ என்று நினைத்து, ரத்தத்தில் பரிசோதிக்காமல் இரும்புச்சத்து மருந்து எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.