2013 என்று போட்டிருக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் கிராணியாக இருந்து, போன வருடம் வேலையை விட்டேன். வயது 56. ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை இன்னும் எடுக்கவில்லை. ஈப்போவில் ஓட்டலில் வேலை செய்யும் என் அக்கா மகன் மூலமாக ஒருவர் அறிமுகமானார். பிரான்ஸ் நாட்டு போர்டோ சிவப்பு ஒயின், 2013ஆம் வருடத்தது, இரண்டு பெட்டி, மொத்தம் 24 போத்தல், 24,000 வெள்ளி. பழசாகப் பழசாக விலை ஏறும், மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். அந்த வருடத்துக்கு அப்படி என்ன மதிப்பு? இபிஎப்பிலிருந்து எடுத்துப் போடலாமா?

பதில்: அண்ணே, எடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி, விற்க வந்தவர்தான் அதற்குத் தவறான பதிலைச் சொல்லியிருக்கிறார்.

போத்தலில் போட்டிருப்பது திராட்சையைப் பறித்த வருடம். அடைத்த வருடம்கூட இல்லை, நல்ல போர்டோ சிவப்பு ஒயின் மரப்பீப்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பிறகுதான் போத்தலுக்கே வரும். தோட்டத்து ஆபீசில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைத்திருப்பீர்களே, அந்தப் பதிவேட்டை ஒரே எண்ணாகச் சுருக்கினால் எப்படியோ அப்படித்தான் அந்த வருடமும். ஒயினின் வயதைவிட, அந்த வருடம் வானம் எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது.

டுரியானை நினைத்துப் பாருங்கள். பழம் முற்றும் நேரத்தில் விடாமல் மழை பெய்தால் சுளை தண்ணியாகிவிடும், வெயில் காய்ந்த பருவத்தில் அதே மரம் கையில் ஒட்டுகிற மாதிரி கெட்டியான சுளையைக் கொடுக்கும். மரமும் மண்ணும் அதேதான். திராட்சைக்கோ வருடத்துக்கு ஒரே அறுவடை, போர்டோவில் ஏப்ரலில் துளிர்ப்பதிலிருந்து செப்டம்பர், அக்டோபரில் பறிப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கண்டம் உண்டு. 2017 ஏப்ரல் கடைசியில் உறைபனி விழுந்து துளிரெல்லாம் கருகிப்போய், அந்த வருடம் விளைச்சல் முந்தைய வருடத்தைவிடக் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. ஜூனில் பூக்கிற சமயம் குளிரும் மழையும் வந்தால் பூ உதிர்ந்துவிடும், ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை, பறிக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் நீர் குடித்து உப்பி அழுகத் தொடங்கும்.

உங்களுக்குக் காட்டிய 2013இல் இதில் பாதிக்கு மேல் ஒரே வருடத்தில் நடந்தது. குளிர்ந்த ஈரமான வசந்தம், பூ சரியாகக் கட்டவில்லை, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு பகுதியில் ஆலங்கட்டி, செப்டம்பர் கடைசியில் மழை, அழுகுவதற்கு முன்னால் பறித்தாக வேண்டிய அவசரம். போர்டோ சிவப்பு ஒயினுக்கு அண்மைக் காலத்தின் பலவீனமான வருடங்களில் ஒன்று அது. அதற்கு முந்தைய 2012இல் இக்கேம் என்ற புகழ்பெற்ற இனிப்பு ஒயின் தோட்டம், மழையில் பழம் கெட்டதால் அந்த வருடத்தின் பெயரில் ஒரு போத்தல்கூட வெளியிடவில்லை. சம்பாதிக்கிறவர்களே அந்த அளவுக்கு வருடத்தை மதிக்கிறார்கள். ஆனால் 2013 என்றாலே மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கலிபோர்னியாவின் நாபாவில் அதே 2013 அருமையான வருடம். வருடத்தை ஊரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பழசாகப் பழசாக நல்லது என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடிக்கத்தான் செய்யப்படுகிறது, வைத்திருந்தால் செத்துப்போகும். பிஞ்சில் சத்து இல்லாத பழம் கிடப்பில் போட்டால் மட்டும் பழுக்குமா?

சரி, நல்ல வருடமாக இருந்தால் வாங்கலாமா என்றால், அதற்கும் என் பதில் மாறாது. 2009, 2010 இரண்டும் போர்டோவுக்கு மிகச் சிறந்த வருடங்கள், பீப்பாயில் இருக்கும்போதே உச்ச விலையில் விற்றார்கள். சந்தை 2011 நடுவில் உச்சம் தொட்டு அப்புறம் வருடக்கணக்கில் இறங்கியது, 2010இன் பெரிய பெயர்களை அப்போது வாங்கிய பலர் நஷ்டத்தில் மாட்டினார்கள். ஒயின் நன்றாகத்தான் இருந்தது. அதன் அருமையை விற்றவர் முன்கூட்டியே விலையில் சேர்த்துவிட்டார்.

இன்னொன்று, எங்கே வைப்பீர்கள்? இந்த மாதிரி ஒயினுக்கு 12, 14 டிகிரி குளிர் வேண்டும், ஏறி இறங்காமல், வருடம் முழுக்க. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு அம்மா இப்படி வாங்கிய போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். சிங்க் கூரை வீட்டில் அலமாரி மேல் நான்கு வருடம் இருந்தது. மேலே மூடியிருந்த தகட்டை உரித்தால் தக்கை ஒரு நெல்மணி உயரம் வெளியே தள்ளி நின்றது, கழுத்தைச் சுற்றிப் பிசுபிசுவென்று காய்ந்த சிவப்புக் கறை, உள்ளே மட்டம் தோள்பட்டை வரை இறங்கியிருந்தது. ஊற்றி முகர்ந்தோம், புளிக்காடி வாசனை. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டார். அது அவர் மகளின் படிப்புக்கு ஒதுக்கிய பணம்.

விற்கப் போகும்போதும் சிக்கல்தான். எங்கே, எந்தக் குளிரில் இருந்தது என்ற ஆவணம் இல்லாத போத்தலைப் பெரிய ஏல நிறுவனம் சீண்டாது, போலி அவ்வளவு நடக்கிறது. ரூடி குர்னியாவான் என்ற இந்தோனேசியர் வீட்டிலேயே கலந்து, பழைய லேபிள் ஒட்டிப் பெரிய பெரிய பணக்காரர்களை ஏமாற்றி, 2014இல் அமெரிக்காவில் 10 வருடத் தண்டனை வாங்கினார். ஒயினை அனுபவித்துக் குடிக்கிறவர்களே ஏமாந்தார்கள் அண்ணே.

உங்கள் பணம் இப்போது இருக்கும் இடத்தைப் பாருங்கள். இபிஎப் 2024க்கு 6.30 சதவீதம் கொடுத்தது, 24,000 வெள்ளிக்கு 1,512 வெள்ளி. ஒவ்வொரு வருடமும் அதே அளவு வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஷரியா சேமிப்புக்கு மாறாத சாதாரணக் கணக்கென்றால் குறைந்தது 2.5 சதவீதம் சட்டப்படி உறுதி, நீங்கள் எடுக்காத வரைக்கும் தொடர்ந்து ஏறும்.

அக்கா மகனிடம் கோபப்படாதீர்கள், பையன் நம்பித்தான் சொல்லியிருப்பான். அந்த ஆளிடம் மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், இந்த 2013 இதுவரை எந்தக் கிடங்கில் இருந்தது என்று ரசீதோடு காட்டச் சொல்லுங்கள், அவர் நிறுவனத்தின் பெயரை முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷன், மத்திய வங்கியான பேங்க் நெகாரா இரண்டின் எச்சரிக்கைப் பட்டியலிலும் தேடச் சொல்லிப் பையனிடமே கொடுங்கள். பட்டியலில் இல்லை என்றாலும் பணம் கொடுக்க வேண்டாம், ஆனால் பெயர் இருந்தால் பையனும் அவரிடமிருந்து விலக வேண்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.