வேலூர்ப் பக்கம் ரயில் பார்க்க எங்கே போகலாம்?

பயணம் எதுவும் இல்லாமல், வண்டிகளைப் பார்ப்பதற்காக மட்டும் ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் உண்டா, வேலூர்ப் பக்கம் அதற்கு ஏற்ற நிலையம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நானே அப்படிப் போகிறவன்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது காலைப் பொழுதைக் காட்பாடி சந்திப்பில் கழிப்பேன்.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கும் கோவைக்கும் கேரளத்துக்கும் செல்லும் இருவழிப் பாதையும், விழுப்புரத்திலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியாக வந்து திருப்பதி நோக்கிச் செல்லும் ஒற்றைப் பாதையும் இங்கே கூடுவதால், வண்டிக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. பழமையும் உண்டு: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான்.

தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் 2022 நவம்பரில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, வழியில் அதற்குக் கொடுத்த இரண்டே நிறுத்தங்களில் காட்பாடியும் ஒன்று. அதைக் காட்டத்தான் அக்காள் மகனை அழைத்துப் போனேன். அவனுக்குப் பிடித்ததோ வேறு. சென்னை செல்லும் விரைவு வண்டி ஒன்று புறப்பட்டபோது, "மாமா, கடைசிப் பெட்டியில ஏன் இவ்ளோ பெரிசா தப்பு போட்டிருக்காங்க?" என்று கேட்டான். வாத்தியார் நோட்டில் போடும் பெருக்கல் குறி போலவே அது இருக்கும். வண்டி முழுதாக வந்து சேர்ந்தது, நடுவில் இணைப்பு அறுந்து எந்தப் பெட்டியும் பின்னால் தங்கிவிடவில்லை என்பதற்கு அந்தக் குறிதான் அடையாளம். தடத்தின் ஒரு பகுதிக்கு உள்ளே போன சக்கர அச்சுகளையும் அதிலிருந்து வெளியே வந்த அச்சுகளையும் எண்ணி ஒப்பிடும் கருவிகள் வந்த பிறகும் அது நீடிக்கிறது. அதேபோல, நிற்காமல் கடக்கும் சரக்கு வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டி நிற்கும் ஊழியரையும் கவனியுங்கள். அவருடைய பார்வை இன்ஜின் மேல் இராது, சக்கரங்களின் மேல் இருக்கும். ஏதாவது தொங்கினாலோ, அச்சருகே புகைந்தாலோ அடுத்த நொடி சிவப்புக் கொடி எழும். என்னைக் கேட்டால், வந்தே பாரத்தைவிட இதுவே பார்க்கத் தகுந்தது.

நிற்பதற்கு ஜோலார்பேட்டைப் பக்கத்து நடைமேடைக் கோடி நல்லது. சென்னை வண்டியின் வாலும் பெங்களூர் வண்டியின் தலையும் அங்கே வந்து நிற்கும், கூட்டமும் குறைவு. மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டாம். எதிர் நடைமேடைக்குத் தண்டவாளத்தில் இறங்கி நடப்பது ஆபத்து என்பதோடு, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றமும் ஆகும். நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதால் காலை ஏழு மணிக்கு உள்ளே போய் ஒன்பதுக்குள் வெளியே வந்துவிடுங்கள்.