பதில்: ‘கேஷ்’ தமிழ்ச் சொல்லா?

மகளின் பேச்சுப் போட்டிக் கட்டுரையில் ‘கேஷ் என்பது நம் காசுதான்’ என்று எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் சொன்னது பாதி சரி அம்மா, அதனால் முழுவதையும் நீக்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது லத்தீன் ‘காப்சா’, அதாவது பெட்டி. இத்தாலிய ‘காஸ்ஸா’, பிரெஞ்சு ‘கேஸ்’ வழியே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு அதிலிருந்த பணத்தையே குறித்தது. கேஷியரும் இந்தக் குடும்பம்தான்.

மற்றது சிறு செப்புக்காசு. அது நம்முடையது! தமிழ்க் ‘காசு’ போர்த்துக்கீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி, அதிலிருந்து ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆனது. போர்த்துக்கீசிய மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’தான். குழப்பம் தொடங்குவது அங்கேதான். சீனத்தின் துளையிட்ட நாணயங்களைக்கூட ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றே அழைத்தார்கள். அவ்வளவு தூரம் போயிருக்கிறது நம் காசு.

சென்னைக் கணக்கும் சேர்க்கச் சொல்லுங்கள். கோட்டையில் கம்பெனி ஆண்ட காலத்தில் 80 காசு ஒரு ‘பணம்’ (அன்றைய ஒரு சிறு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்). 1808இல் இங்கிலாந்தில் அச்சடித்த 10, 20 காசு நாணயங்களில் ‘கேஷ்’ என்றே பொறித்திருக்கும். அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. போட்டியில் இந்தக் கதை நிச்சயம் எடுபடும்.

அந்த வரியை மட்டும் ‘கேஷ் என்ற நாணயப் பெயர் காசிலிருந்து வந்தது’ என்று மாற்றினால் போதும்.