டப்பால போட்ட கிராமும் உடம்புல சேர்ற கிராமும்

கே: சோயா பவுடர், பால் புரோட்டீன் பவுடர் ரெண்டு டப்பாலயும் பிடிசிஏஏஎஸ் 1.0னு போட்டிருக்கு. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?

ப: வாங்க, இந்தக் கேள்விக்காகத்தான் உக்காந்திருக்கேன். புரோட்டீன் எவ்வளவு தரமானதுன்னு மார்க் போட 1991லேர்ந்து இருக்கற கணக்கு இது. புரோட்டீன் அமினோ அமிலங்களால ஆனது, அதுல உடம்பு தானா செஞ்சுக்க முடியாம சாப்பாட்லேர்ந்தே வரவேண்டியது அத்தியாவசிய அமினோ அமிலம். தேவையோட ஒப்பிட்டா அதுல எது ரொம்பக் கம்மியா இருக்கோ அதோட விகிதத்த எடுத்து, ஜீரணமாகற அளவால பெருக்குவாங்க, 1ஐ தாண்டினா வெட்டிட்டு 1னே எழுதிடுவாங்க. ஆக 1.2 வாங்கினவனுக்கும் 1 வாங்கினவனுக்கும் ஒரே மார்க். ஜீரணத்த எப்படி அளந்தாங்க? எலிக்குக் குடுத்து அதோட மலத்துல புரோட்டீனோட நைட்ரஜன் எவ்வளவு மிச்சம்னு பாத்தாங்க, ஆனா பெருங்குடல்ல பாக்டீரியா தின்னுட்டுப் போனதெல்லாம் உடம்புல சேந்த கணக்காயிடுமா? அதனால 2013ல ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு எஃப்ஏஓ, டிஐஏஏஎஸ்னு வேற முறை சொல்லுச்சு. சிறுகுடல் முடியற இடத்துல ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனியா அளக்கணும், தனி உணவுக்கு மார்க்க வெட்டக் கூடாது. இதுல பால் 1ஐ தாண்டும், சோயா பொதுவா கொஞ்சம் கீழ நிக்கும். இதுலயும் சண்டை இருக்கு. மனுஷன் சிறுகுடல்லேர்ந்து சாம்பிள் எடுக்கறது லேசில்ல, அதனால நிறைய அளவு வளர்ற பன்னிகிட்ட எடுத்தது, அதோட நாலும் கலந்து சாப்பிடறவனுக்குத் தனித்தனி ஸ்கோர் எதுக்குங்கறாங்க. அதுவும் நியாயம்தான். டப்பாக்காரன் மட்டும் சண்டையே நடக்காத மாதிரி 1.0ன்னு தங்கக் கலர்ல அடிச்சிடறான்.

கே: தசை ஏற கொலாஜன் பவுடர் வாங்கலாமா?

ப: வேணாம். கொலாஜன்ல டிரிப்டோஃபான்ங்கற அத்தியாவசிய அமினோ அமிலமே கிடையாது, ஸ்கோர் பூஜ்யம். என் வீட்லயும் ஒரு டப்பா இருக்கு, மூடி நல்லா இறுக்கமா இருக்கறதால ஊசி நூல் போட்டு வச்சிருக்கோம்.

கே: லேபிள்ல புரோட்டீன் 24 கிராம். சந்தேகப்பட்டு லேப்ல குடுத்தேன், அமினோ அமிலமெல்லாம் கூட்டினா அவ்வளவு வரல, பாதி கிளைசின்ங்கற ஒரே அமினோ அமிலம்தான். "எங்க டெஸ்ட்ல சரியா வருது"ன்னு மழுப்பறாங்க.

ப: பாவம், உங்க மேல தப்பே இல்ல. அவங்க டெஸ்ட் பெரும்பாலும் நைட்ரஜன அளந்து 6.25ஆல பெருக்கறதுதான். அந்த நைட்ரஜன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது, மலிவான கிளைசின், டாரின் கொட்டினாலும் புரோட்டீன்னே காட்டும். 2008ல சீனால பால்ல நைட்ரஜன் நிறைய இருக்கற மெலமைன்ங்கற ரசாயனத்த கலந்தவங்க ஏமாத்துனதும் இதே ஓட்டைலதான், குழந்தைங்க செத்துச்சு. பில், பேட்ச் நம்பர், லேப் ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க. ஃபோன்ல பேசறத விட்டுட்டு, முழு அமினோ அமிலப் பட்டியல் குடுங்கன்னு எழுத்துல கேளுங்க, பதில் வரலன்னா அதையும் சேத்து நுகர்வோர் புகாராக் குடுங்க.

கே: ஆஃபர்னு ஆறு டப்பா வாங்கிட்டேன். இப்பதான் பாக்கறேன், பட்டியல்ல முதல்ல சர்க்கரை. என்ன பண்ண?

ப: பின்பக்கத்த வாங்கறதுக்கு முன்னாடி படிக்கணும். சீல் உடைக்காதத திருப்பிக் குடுத்துப் பாருங்க, உடைச்சத குடிங்க.

கே: ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன்தான் வேணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ப: உலக சுகாதார நிறுவனம் 2007ல சொன்னது, பெரியவங்களுக்கு எடைல கிலோவுக்கு 0.83 கிராம். அது நைட்ரஜன் வரவு செலவ வச்சுப் போட்டது, அமினோ அமிலம் எரியறத அளக்கறவங்க இது பத்தாதுங்கறாங்க. லைசின்ங்கற அத்தியாவசிய அமினோ அமிலத்தோட கதைய பாருங்க, 1985ல கிலோவுக்கு 12 மில்லிகிராம் போதும்னாங்க, 2007ல அது 30 ஆச்சு. தானியமே பிரதானமா சாப்பிடறவங்களுக்குத்தான் இது இடிக்கும், ஏன்னா அதுல லைசின் கம்மி. பருப்பு சேத்துக்கிட்டா அந்தக் குறை தீரும், ஒரே வேளைலதான் சேக்கணும்னு இல்ல, அன்னிக்குள்ள போனா சரி. கிட்னி கோளாறு இருந்தா மட்டும் என்னக் கேக்காதீங்க, டாக்டர கேளுங்க.