சாவியை அழுத்தினால் கூரை திறக்குமா?

கார் கேள்வி – பதில்

கேள்வி: கூரையை மடித்துத் திறக்கக்கூடிய பழைய கன்வெர்ட்டிபிள் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். துணிக்கூரை. உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைப் பிடித்தால் அழகாகத் திறக்கிறது, மூடுகிறது. என் நண்பரின் காரிலோ வெளியே நின்று சாவியை அழுத்திப் பிடித்தாலே கூரை மடிந்துவிடுகிறது. என் சாவியில் அதே மாதிரி அழுத்தினால் நான்கு கண்ணாடியும் இறங்குகின்றன, கூரை அசையவே இல்லை. சாவியில் கோளாறா, காரில் கோளாறா?

இரண்டிலும் இல்லை. கண்ணாடி இறங்குகிறது என்றால் சாவியிலிருந்து போகும் சிக்னல் காருக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சிக்னலைக் கூரைக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது கார் கம்பெனி எடுத்த முடிவு. ஒரே மாடலிலேயே விலை கூடிய வகைக்கு அந்த வசதியைக் கொடுத்துவிட்டு, குறைந்த வகைக்குக் கொடுக்காமல் விடுவார்கள். நாட்டுக்கு நாடும் மாறும். முதலில் உங்கள் காரின் கையேட்டில் கூரை பற்றிய பகுதியைப் படியுங்கள். அப்புறம் காரின் திரையில் கதவு, சாவி சம்பந்தப்பட்ட செட்டிங்கைப் பாருங்கள். சில கார்களில் வசதி உள்ளே இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டினால் அந்த வசதியைத் திறந்துவிடலாம்.

கம்பெனிகள் இதில் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார் எலக்ட்ரிக்கல் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். இந்தத் தயக்கம் முழுக்க நியாயம் என்பது என் கருத்து.

கூரை திறக்கும்போது நடப்பதைப் பக்கத்தில் நின்று ஒரு தடவை பாருங்கள். முதலில் கண்ணாடிகள் கொஞ்சம் இறங்கும். முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் கொக்கி விடுபடும். பின்னால் மூடி தூக்கிக்கொள்ளும். டிக்கிப் பக்கம் இருக்கும் ஹைட்ராலிக் பம்ப் முனகிக்கொண்டே எண்ணெயை சிலிண்டர்களுக்குத் தள்ளும், கூரைச் சட்டம் மடிந்து பின்னால் போய்ப் படுக்கும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்று சென்சார்கள் சொன்னால்தான் அடுத்தது நடக்கும். ஆனால் அந்த சென்சார்களுக்குத் தெரிவது கூரை எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும்தான். நடுவில் ஒரு கை இருக்கிறதா என்பது பெரும்பாலான கார்களில் அவற்றுக்குத் தெரியாது. பல கார்களில் ஜன்னல் கண்ணாடிக்கு, விரல் சிக்கினால் திரும்பி இறங்கும் ஏற்பாடு உண்டு. மடிப்புக் கூரையில் அப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பி இருக்கக்கூடாது.

ஆபத்தான இடம் எது என்று கேட்டால், எல்லோரும் முன்கண்ணாடிச் சட்டத்தைக் காட்டுவார்கள். அதுவும் ஆபத்துதான். மூடும்போது கடைசி இரண்டு விரற்கடையில் கொக்கி கூரையை விசையோடு உள்ளே இழுக்கும். ஆனால் நான் அதைவிட அதிகம் பயப்படுவது பக்கவாட்டில், பின்சீட்டில் உட்காருபவரின் தோளுக்கு மேலே இருக்கும் மூட்டுகளைத்தான். இரண்டு இரும்புக் கைகள் அங்கே கத்தரிக்கோல் மாதிரி சேரும். ஒரு குழந்தை காரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் அதன் விரல்கள் சரியாக அங்கேதான் இருக்கும்.

அதனால்தான் சாவியில் ‘அழுத்திப் பிடி’ என்று வைத்திருக்கிறார்கள். விரலை எடுத்தால் கூரை அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். மெர்சிடிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2001-ல் வந்த எஸ்எல் போன்ற கார்களில் கூரையை இயக்க சாவியின் அகச்சிவப்புக் கதிரை ஓட்டுநர் கதவுக் கைப்பிடிக்கு நேராகக் காட்ட வேண்டும். கையை விலக்கினாலோ குறுக்கே யாராவது வந்தாலோ கதிர் அறுந்துவிடும், கூரை நின்றுவிடும். பலர் இதைத் தொல்லை என்று திட்டினார்கள். எனக்கு அது அருமையான யோசனையாகவே படுகிறது. கைப்பிடிக்கு நேரே நிற்பவன் கண் முன்னால் கூரையும் இருக்கும்.

இதே எண்ணம் சட்டத்திலும் இருக்கிறது. மின்சார ஜன்னல், சன்ரூஃப் ஆகியவற்றுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி எண் 118-ன்படி, வெளியே நின்று ரிமோட்டால் மூடுவதானால் பட்டனை விடாமல் பிடித்திருக்க வேண்டும். 6 மீட்டருக்கு மேல் அந்த ரிமோட் வேலை செய்யக்கூடாது. நடுவில் சுவர் மாதிரி எதுவும் மறைத்தால் வேலை செய்யாத ரிமோட் என்றால் மட்டும் 11 மீட்டர் வரை விடுகிறார்கள். இந்த விதி மடிப்புக் கூரைக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனால் சின்னக் கண்ணாடிக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால் அவ்வளவு பெரிய கூரைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று பாருங்கள். சில கார்கள் சாவியால் திறக்க விட்டுவிட்டு, மூடுவதற்கு மட்டும் சாவியோடு பக்கத்திலேயே நிற்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: மேலே உள்ள மாதிரி வசதி இல்லாத கார்தான் என்னுடையதும். வெளியில் விற்கும் மாட்யூல் ஒன்றை மாட்டினால் சாவியில் லாக், அன்லாக், லாக் என்று தட்டினாலே கூரை தானாகத் திறந்து மூடும் என்கிறார்கள். மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் மாட்டிய அன்றைக்கே மூன்று விஷயங்களைச் சோதித்துவிட்டுத்தான் காரை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

அந்தச் சின்னப் பெட்டி செய்வது இதுதான். காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற வயரை அது ஒட்டுக் கேட்கும். நீங்கள் சாவியில் குறிப்பிட்ட வரிசையில் தட்டியதும், ‘உள்ளே யாரோ கூரை ஸ்விட்சைப் பிடித்திருக்கிறார்கள்’ என்று கூரைப் பெட்டியிடம் சொல்லிவிடும். பிடித்தது யாருமில்லை. கம்பெனி வைத்த ‘விரலை எடுத்தால் நிற்கும்’ என்ற பாதுகாப்பு அந்த இடத்தில் கழன்றுபோகிறது.

இன்னொன்று தூரம். சாதாரண சாவி ரேடியோ அலையில் பேசுகிறது. பல நாடுகளில் 433.92 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் பெரும்பாலும் 315. கதவைத் திறக்கத்தான் அது வைக்கப்பட்டது. அதனால் பல மீட்டர் தள்ளி, சுவருக்குப் பின்னால் இருந்தாலும் போய்ச் சேரும். மாடியில் நின்று கூரையை மூடுவது வித்தை காட்ட நன்றாக இருக்கும். கார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று மாடியிலிருந்து உங்களுக்குத் தெரியாது.

சரி, சோதனைகள். கூரை பாதி வழியில் இருக்கும்போது சாவியில் எந்தப் பட்டனைத் தட்டினாலும் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த மாட்யூலைக் கழற்றச் சொல்லுங்கள், பேச்சே வேண்டாம். டிக்கியில் கூரைக்கு இடம் ஒதுக்கும் தடுப்பு சரியாக இல்லாதபோது மாட்யூல் சொன்னாலும் கூரை அசையக்கூடாது. கடைசியாக, காரைப் பூட்டி அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் தூங்கியபின் பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று அம்மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. மாட்யூல் தூங்காமல் விழித்துக்கொண்டே இருந்தால் நிறுத்தி வைத்த காரின் பேட்டரி உட்கார்ந்துவிடும்.

வயரை வெட்டி ஒட்டும் வேலை என்றால் வேண்டவே வேண்டாம். சாக்கெட்டுக்கு சாக்கெட் மாட்டும் வகையாக வாங்குங்கள், பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். இத்தகைய மாட்யூலில், ஓட்டும்போது ஸ்விட்சை ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்ற வசதி பலருக்குப் பிடிக்கிறது, அதில் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், கண்ணாடியில் பார்க்கிறீர்கள். சாவி வசதியை மட்டும், காருக்குப் பக்கத்தில் நின்றுதான் பயன்படுத்துவேன் என்று உங்களுக்கு நீங்களே உறுதி சொல்லிக்கொண்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஐயா, என் காரில் சாவியால் கூரை திறக்கும் வசதி கம்பெனியே கொடுத்தது. ஒரு நாள் திறக்கிறது, ஒரு நாள் திறப்பதில்லை. மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார்.

பம்ப் போய்விட்டால் ஒரு நாள் ஒழுங்காகவும் ஒரு நாள் ஒழுங்கில்லாமலும் இருப்பது அபூர்வம். டிக்கியைத் திறந்து பாருங்கள். கூரை வந்து படுப்பதற்கு இடம் ஒதுக்க ஒரு தட்டோ திரையோ இருக்கும். அது முழுக்க இறக்கிக் கொக்கியில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கொக்கிக்குப் பின்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். பை நிறையச் சாமான் வைத்து அந்தத் திரை அரை அங்குலம் மேலே நின்றால் போதும், கூரை மறுத்துவிடும். ஸ்விட்சில் தூசி சேர்ந்தாலும் இதே கதை. அழுத்தி விட்டால் ‘டிக்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

அதில் குறை இல்லை என்றால் கார் பேட்டரி. பம்ப் நிறைய கரண்ட் இழுக்கும். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் மின்னழுத்தம் குறைவாக இருந்தால் கார் தானே மறுத்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு உள்ளேயிருந்து ஸ்விட்சைப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் திறக்கிறது, சாவியால் மட்டும் அடம் என்றால் சந்தேகமே வேண்டாம், பேட்டரியைச் சோதியுங்கள். சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பல சாவிகளில் சிஆர்2032 தான். கதவு திறக்க ஒரு தட்டுப் போதும், கூரைக்கு விடாமல் பிடிக்க வேண்டும். பலவீனமான பேட்டரி அந்த நீண்ட அழுத்தத்தில்தான் காலை வாரும்.

விளையாட்டாகத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினாலும் பம்ப் சூடாகி ஓய்வு கேட்கும். ஆற விடுங்கள்.

கூரை பாதியில் நின்றுபோனால் கையால் தள்ளாதீர்கள். அப்படியே விட்டுவிட்டும் போகாதீர்கள். எண்ணெய் அழுத்தம் மெல்ல இறங்கினால் கூரை தானாகத் தொய்ந்து கீழே வரும். கையேட்டில் அவசரத்துக்கு மூடும் முறை இருக்கும், அதன்படி செய்யுங்கள்.

கேள்வி: ஓடும்போது கூரையைத் திறக்கலாமா?

காரைப் பொறுத்தது. ஆடி ஏ5 கேப்ரியோலேயில் மணிக்கு 50 கி.மீ. வரை, 15 வினாடியில் திறந்து 18 வினாடியில் மூடும். 2018-ல் அறிமுகமான பிஎம்டபிள்யூ இசட்4 அதே வேகத்தில் 10 வினாடி. மஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப் கெட்டிக்கூரை 13 வினாடி, ஆனால் 10 கி.மீ. வேகம்தான் எல்லை. சிக்னலில் நிற்கும்போது செய்வதே நல்லது.

கேள்வி: இரவில் பூட்டிவிட்டுப் போன கார் காலையில் பார்த்தால் கூரை திறந்து கிடந்தது. யாராவது ஹேக் செய்திருப்பார்களா?

அதற்கு முன் உங்கள் சட்டைப் பையைச் சந்தேகியுங்கள். இறுக்கமான பையில் சாவி, பக்கத்தில் போன். குனிந்து உட்காரும்போது அன்லாக் பட்டன் சில வினாடி அழுந்தினால் காருக்கு அது ‘கூரையைத் திற’ என்ற கட்டளை. கார் எட்டும் தூரத்தில் நின்றிருந்தால் திறந்துவிடும். கதவும் அன்லாக் ஆகியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆகியிருந்தால் பெரும்பாலும் இதுதான். சாவியால் திறக்கும் வசதியை மட்டும் அணைத்து வைக்கப் பல கார்களில் வழி உண்டு. திரையில் இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

அப்புறம், திறந்து கிடந்த இரவில் பனியோ மழையோ பெய்திருந்தால் அந்தக் கூரையை ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். மூடிய நிலையில் காயவிடுங்கள். துணிக்கூரையின் மடிப்புக்குள் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை பிறகு லேசில் போகாது. உள்ளே சீட்டுக்கு அடியில் விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். பல கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வயர் இணைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. நனைந்திருந்தால் முழுக்கக் காய்ந்தபின்தான் சாவியில் கை வைக்க வேண்டும்.