ஓரமும் தொங்கலும்: யூத வெறுப்பைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சிறுவயது முதல் சபைக்குச் சென்று வருகிறவன். இந்த ஆண்டு புனித வெள்ளி ஆராதனையில் பிரசங்கித்தவர், யூதர்களே இயேசுவைக் கொன்றவர்கள் என்றும், ‘இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக’ என்று தாங்களே கேட்டுக்கொண்டதால்தான் ஹிட்லர் காலம்வரை அத்தனை துன்பமும் அவர்கள்மேல் வந்தது என்றும் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு அவரிடம் கேட்டபோது, ‘வேதத்தில் உள்ளதைத்தானே சொன்னேன்’ என்றார். அதே சபையில் வேறு சிலர், யூதர்கள் அனைவரும் இஸ்ரவேலுக்குத் திரும்பினால்தான் கர்த்தருடைய வருகை நிகழும், ஆகவே அந்நாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லக் கூடாது என்கிறார்கள். ஒரு கிறிஸ்தவன் யூதர்களை எப்படிப் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனம் ஒப்பாமல் போனது சரியே. ஒரு போதகரின் தனிப்பட்ட பிழை என்று இதைக் கடந்துவிட முடிந்தால் எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அவர் சொன்னது அவருடைய சொந்தக் கற்பனையல்ல. திருச்சபை நெடுங்காலம் பிரசங்கபீடத்தில் நின்று கற்பித்த பாடம் அது. இரண்டாம் நூற்றாண்டிலேயே சர்தை நகரத்துப் பேராயர் மெலித்தோ, இஸ்ரவேல் கடவுளைக் கொன்றது என்று தம் பஸ்காப் பிரசங்கத்தில் குற்றம் சாட்டிவிட்டார். 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் புகழ்பெற்ற பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம், யூதர்களின் பண்டிகைகளுக்குச் சென்றுவந்த கிறிஸ்தவர்களைத் தடுப்பதற்காகச் செய்த எட்டுப் பிரசங்கங்களை இன்று வாசிக்கையில் கை கூசுகிறது. 1096இல் எருசலேமை மீட்கப் புறப்பட்ட சிலுவைப் போர்க் கூட்டங்கள், போகிற வழியில் ரைன் நதிக்கரையிலிருந்த வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொன்றன. ஐரோப்பாவின் பல ஊர்களில் பரிசுத்த வாரம் வந்தாலே யூதர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நாம் சிலுவையைத் தியானிக்கும் நாட்கள் அவர்களுக்கு உயிர்ப்பயத்தின் நாட்களாக இருந்தன.

புராட்டஸ்டன்டுகளும் இதிலிருந்து தப்பவில்லை. இயேசு யூதராகப் பிறந்தவர் என்பதை நினைவூட்டி 1523இல் பரிவோடு எழுதிய அதே மார்ட்டின் லூத்தர், சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்தவர், 1543இல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பறியுங்கள் என்று ஆட்சியாளர்களுக்கு ஆலோசனை சொன்னார். 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் ஜெப ஆலயங்கள் எரிந்தபோது, துரிங்கியாவின் லூத்தரன் பேராயர் மார்ட்டின் சாஸ்ஸே, லூத்தரின் பிறந்தநாளான நவம்பர் 10ஆம் தேதி அவை எரிவதை மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டி, லூத்தரின் அந்த வரிகளைத் தொகுத்துச் சிறுநூலாக வெளியிட்டார். நாஜிகளின் இனவாதம் வேறு, சபையின் மதவிரோதம் வேறு என்று வரலாற்றாசிரியர்கள் பிரித்துக் காட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் தீ வைத்தவர்களில் மிகப் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதை அந்தப் பிரிவினை மாற்றிவிடாது.

‘வேதத்தில் உள்ளதைத்தானே சொன்னேன்’ என்றாராம். சரி, வேதத்துக்கே வருவோம். மத்தேயு 27:25இல் பேசுவது ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் திரண்டிருந்த ஒரு கூட்டம். அந்நாளில் அலெக்சாந்திரியாவிலும் ரோமாபுரியிலும் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோருக்கு இயேசுவின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. சிலுவையோ ரோம அரசின் தண்டனை. ஆராதனையில் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணம் அவருடைய பாடுகளோடு சேர்த்துச் சொல்லும் ஒரே பெயர் பொந்தியு பிலாத்து. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’ என்று இயேசு வேண்டிக்கொண்டதையும் வேதம்தான் சொல்கிறது. கூட்டத்தின் கூச்சல் தலைமுறை தலைமுறையாகப் பலிக்கும், குமாரனின் ஜெபம் மட்டும் கேட்கப்படாது என்று நம்புவது எவ்வகை விசுவாசம்? எனக்கு விளங்கவில்லை.

யோவான் சுவிசேஷத்தில் ‘யூதர்’ என்ற சொல் எழுபது முறை அளவில் வருகிறது. பல இடங்களில் எதிரிகளைக் குறிக்கும் தொனியில். ஆனால் 20:19இல், யூதர்களுக்குப் பயந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த சீஷர்கள் யார்? அவர்களும் யூதர்களே. ஒரே வீட்டுக்குள் நடந்த பூசல் அது. வெளியிலிருந்து வந்த நாம் அதில் ஒரு தரப்பின் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வீட்டாரையே பகைவர்களாக்கிவிட்டோம். ‘இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது’ என்று 4:22இல் இயேசு சொல்வதும் இதே சுவிசேஷத்தில்தான்.

இனி, சற்று நிதானமாகப் பார்க்கவேண்டிய ஓர் இடம். பெரும்பாடுள்ள, அதாவது ஓயாத இரத்தப்போக்கால் வருந்திய, ஸ்திரீ இயேசுவின் ‘வஸ்திரத்தின் ஓரத்தை’ தொட்டாள் என்று நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 9:20 கூறுகிறது. நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்போடு கடைப்பிடித்த யூதப் பிரிவினரான பரிசேயர்கள் ‘தங்கள் வஸ்திரங்களின் தொங்கல்களைப் பெரிதாக்கி’க் கொள்கிறார்கள் என்று 23:5இல் இயேசு கண்டிக்கிறார். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ‘கிராஸ்பெதோன்’ என்ற ஒரே சொல். கர்த்தருடைய கட்டளைகளை மறவாதிருக்கும்படி உடையின் ஓரங்களில் இளநீல நாடாவோடு தொங்கல்களைக் கட்டவேண்டும் என்று எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் இஸ்ரவேலருக்குக் கட்டளையிடுகிறதே, அந்தத் தொங்கல்தான் அது. அவள் தொட்டுச் சுகமானது, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்ட ஒரு யூதரின் உடைத் தொங்கலை. மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்தில் இரண்டு சொற்களைத்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் பரிசேயரின் உடையில் கண்ணுக்குத் தெரிகிற தொங்கல் இயேசுவின் உடையில் காணாமல் போய்விட்டது. இதை முதன்முதலில் கவனித்த நாளில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பாடத்தைச் சபை ஓரளவேனும் திருத்திக்கொண்டதற்கு ஒரு யூதருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக்கின் மனைவியும் மகளும் 1943இல் பிடித்துச்செல்லப்பட்டு அவுஷ்விட்ஸில் மாண்டார்கள். தலைமறைவாக இருந்தபடியே அவர், இயேசுவையும் இஸ்ரவேலையும் பற்றிச் சுவிசேஷங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று வசனம் வசனமாக ஆராய்ந்து எழுதினார். ஐசக் என்ற பெயர் கொண்டிருந்த ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் என்று குறிப்பிட்டு, 1948இல் வெளியான அந்நூலை அவ்விருவருக்கும் காணிக்கையாக்கினார். ஐசக் என்றால் ஈசாக்கு. கிறிஸ்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆசையோடு வைக்கிற அதே பெயர். 1960 ஜூனில், தமது 82ஆம் வயதில், அவர் போப் இருபத்துமூன்றாம் யோவானை நேரில் கண்டு முறையிட்டார். 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும் சுமத்த முடியாது, இன்றைய யூதர்மேலும் சுமத்த முடியாது என்று அறிவித்தது. 2,221 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள், 88 பேர் எதிர்த்தார்கள். லூத்தரன் சபைகளும் பின்னர் லூத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாகத் தள்ளிவிட்டன.

உங்கள் சபையின் இன்னொரு தரப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூதர்களைக் கடைசிக்கால அட்டவணையின் ஒரு கட்டமாக மட்டும் பார்ப்பது அன்பு ஆகாது. அங்கும் அவர்கள் மனிதர்களாகத் தெரிவதில்லை. இஸ்ரேல் அரசின் செயல்களை, வேறெந்த அரசின் செயல்களையும் போலவே, நீதியின் பெயரால் விமர்சிக்கலாம். பாலஸ்தீனியர்களின் துயரத்துக்காக, அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, குரல் கொடுக்கவும் வேண்டும். அந்த அரசின் செயலுக்காக எங்கோ வாழும் ஒரு யூதக் குடும்பத்தைப் பொறுப்பாளியாக்கினால் அது மறுபடியும் அதே இரத்தப்பழிதான்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுல் நம்மைப் போன்ற புறஜாதியாரைப் பார்த்துத்தான் பேசுகிறார்: ‘நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்.’ உங்கள் போதகரிடம் சபையார் முன்னிலையில் வாதாட வேண்டாம். ஒருநாள் தனியே சென்று, மத்தேயு 9:20ஐயும் 23:5ஐயும் எண்ணாகமம் 15ஐயும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அடுத்த புனித வெள்ளிக்கு முன்பாகவே அதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்.