கட்டி எவ்வளவு பெரிசு என்பதைவிட எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: ஐந்தாம் மாத ஸ்கேனில் 6 செ.மீ. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) என்று வந்திருக்கிறது. குழந்தையை நெருக்கிவிடுமா? (வாசகி, தண்டையார்பேட்டை)

எல்லோரும் சென்டிமீட்டரைத்தான் கேட்கிறார்கள். நான் இடத்தைக் கேட்பேன். கர்ப்பப்பையின் மேல்பக்கம், வெளிச்சுவரில் இருந்தால் 6 செ.மீ. கட்டிகூடப் பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அதைவிடச் சின்னதுகூடத் தலை இறங்க வழிவிடாது. நஞ்சு (நஞ்சுக்கொடி) கட்டியின் மேலேயே ஒட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அடுத்த ஸ்கேனில் கட்டி எங்கே, நஞ்சு எங்கே என்ற இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் யாருக்கும் சிசேரியன் தேவையில்லை.

கேள்வி: எனக்கும் கட்டி இருக்கிறது, நாலரை மாதம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் குத்துவலி, லேசாகக் காய்ச்சல். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா? (வாசகி, வியாசர்பாடி)

வேண்டாம்மா, இன்றே போய்க் காட்டுங்கள். கட்டிக்கு ரத்தம் போதாமல் உள்ளே சிதைந்தால் இப்படி வலிக்கும். இந்த மாதங்களில் அடிக்கடி பார்க்கிறோம். ஓய்வு, நிறைய தண்ணீர், பாராசிட்டமால், இவற்றிலேயே பெரும்பாலும் அடங்கும். ஆனால் குடல்வால் வீக்கமும் நஞ்சு பிரிவதும்கூட இதே மாதிரி வலிக்கும். அதை மருந்துக்கடைக்காரர் பிரித்துச் சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் எல்லாம் 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பனிக்குட நீரும் குறையலாம். ரத்தம் பட்டால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு சிசேரியன் என்று முடிவாகிவிட்டது. “வயித்தைத் திறக்கும்போதே கட்டியையும் எடுத்துடச் சொல்லு” என்கிறார் அம்மா. (வாசகர், திருவொற்றியூர்)

காய் வாங்கும்போது கொத்தமல்லி கேட்பது போல இதைக் கேட்பவர்கள் நிறைய. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. அந்த நேரத்தில் சுவரைக் குடைந்து கட்டியை எடுத்தால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. கைமீறினால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். காம்போடு தொங்கும் கட்டி, கீறல் போடும் இடத்திலேயே குறுக்கே நிற்கும் கட்டி என்றால் வேறு கதை. அனுபவமுள்ள டாக்டர், கைவசம் ரத்தம் இரண்டும் இருந்தால் வேறு சில கட்டிகளையும் எடுக்கிறார்கள். அந்த முடிவை டாக்டர் ஆபரேஷன் மேசையில் எடுக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு பல கட்டிகள் தாமாகவே சுருங்கும். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. கட்டியுள்ள கர்ப்பப்பை குழந்தை பிறந்த பின் சரியாகச் சுருங்காமல் ரத்தம் கொட்டலாம். அதனால் ஹீமோகுளோபினை 11-க்குக் கீழே விடாதீர்கள். ரத்தம் கொடுக்க இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். தெருமுனை நர்சிங் ஹோமைவிட ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரியான பெரிய மகப்பேறு மருத்துவமனை நல்லது.

கேள்வி: என்ன சாப்பிட்டால் கட்டி கரையும்? (வாசகி, கொருக்குப்பேட்டை)

எதுவும் கரைக்காது. முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், ஆனால் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். லேகியம் வேண்டாம்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பே கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தேன். சுகப்பிரசவம் ஆகுமா? (வாசகி, பெரம்பூர்)

அன்று எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. சுவர் முழுக்க வெட்டித் தைத்திருந்தால் பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிரியலாம். வலி வருமுன்பே சிசேரியன் செய்துவிடுவோம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து முதல் செக்கப்பிலேயே காட்டுங்கள். கிடைக்காவிட்டால் ஆபரேஷன் செய்த இடத்தில் நகல் கேளுங்கள்.